தமயந்திக்கு எதிரே உட்கார்ந்தவள்

தமயந்தி போய்விட்டாள் என்ற செய்தி எனக்குச் சென்னையிலிருந்து வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு சந்துதான். நான் வாசலில் காரப்பொடி மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஷர்மிளா. “அக்கா, தமயந்தி அக்கா...” என்றாள். அதற்குமேல் அழுகைதான் கேட்டது. காக்கை வந்து மீனைக் கொத்தியது, நான் விரட்டவில்லை. “தெரியும்” என்று சொல்லி போனை வைத்தேன். தெரியாது. அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்று அவளுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

பக்கத்துச் சந்தில் செத்தவளின் செய்தி பட்டணம் போய்த் திரும்பி எனக்கு வர வேண்டுமா என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை அதற்குப் பிறகு வந்தது. ஓடிப்போய் அவள் மகள் ரேவதியைக் கட்டிப்பிடித்த கையோடு அதையேதான் கேட்டேன்.

“எனக்கு ஏண்டி மொதல்ல சொல்லல?”

“உங்ககிட்ட எப்டி சொல்றதுன்னே தெரில சித்தி. அதான் மேடத்த வுட்டு சொல்லச் சொன்னேன்.”

நல்ல பெண். என் மனசை நினைத்துத்தான் அப்படிச் செய்திருக்கிறாள். இருந்தும் அந்த எரிச்சல் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

நம் மீனவப் பெண்கள் சங்கத்தில் அவள் படத்தைத் திறந்துவைக்கும் நாளில் வாசிக்க, அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுதியதை ரேவதி பிழை பார்த்துக் கொடுத்தாள். எதையும் எடுத்துவிடவில்லை. நல்ல வார்த்தை சொல்ல உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேப்பர்காரர்கள் எழுதிவிட்டார்கள், சினிமாக்காரர்கள் பெரிய மாலையாக அனுப்பினார்கள். எல்லோருக்கும் அவள் தைரியசாலி. எனக்கு அவள் பதினோரு வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தவள்.

இறால் ஷெட்டில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தொட்டிக்கு இரண்டு பேர், எதிரெதிரே. அவளுக்குத் தலை, எனக்கு ஓடு. அவள் தலையைக் கிள்ளி என் பக்கம் தள்ளுவாள். நான் ஓட்டை உரித்து, குடலை உருவி, தட்டில் போடுவேன். ஐஸ் தண்ணீரில் கை விறைத்துப்போகும். இறால் தண்ணீர் விரல் நுனியை அரித்துவிடும். ஒரே கிண்ணத்தில் படிகாரம் கரைத்து இரண்டு பேரும் கையை முக்கிக்கொள்வோம். இதற்கு ஜோடி என்று பெயர். அவள் புருஷன் கடலோடு போனபோதும், என் புருஷன் இன்னொருத்தியோடு சூளூர்ப்பேட்டைக்குப் போனபோதும் நாங்கள் அழுதது அந்தத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துதான். கை நிற்காது. கண் மட்டும் அழும்.

ஜோடிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி இரண்டு வேலையையும் செய்ய வேண்டும். ஒதுங்கப் போனாலும் சரி, பிள்ளைக்கு ஜுரம் என்று ஓடினாலும் சரி, தட்டு குறையக் கூடாது. குறைந்தால் சூப்பர்வைசர் ஜோடியைப் பிரித்துவிடுவான். அதனால் போனவள் திரும்பி வந்து பார்த்தால் அவள் பங்கு முடிந்திருக்கும். அதைத்தான் நாங்கள் பாசம் என்று நினைத்தோம்.

ஷெட் முதலாளியின் பெயரை இங்கே எழுதவில்லை, அது கோர்ட்டில் இருக்கிறது. கோயிலுக்கு வாசல் கட்டிக் கொடுத்த ஆள். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எங்கள் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் அவரைப் போய்ப் பார்ப்பார்கள். ஐஸ் ரூமை ஒட்டி அவருடைய ரூம். டீ கொண்டுவரச் சொல்லி ஆள் வரும், யார் கொண்டுவர வேண்டும் என்று பெயரும் வரும். பெயர் வந்தவள் போவாள். எதிரே இருப்பவள் தலையையும் கிள்ளி ஓட்டையும் உரிப்பாள். தமயந்தி நிறையத் தடவை போயிருக்கிறாள். திரும்பி வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த இறாலை எடுப்பாள். நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஜோடியின் சட்டம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

புயல் கொடி ஏற்றிவிட்டால் படகு இறங்காது, ஷெட்டும் திறக்காது. அந்த நாட்களில் அவள் வீட்டில் ரேவதியின் போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் படம் பார்ப்போம். எனக்குப் பாட்டும் சண்டையும் இருந்தால் போதும். தமயந்திக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு ருசி ஒட்டிக்கொண்டது. ‘பேப்பர்காரங்க படம்’ என்பாள். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரிய மனுஷன் ஒருத்தன் தன்னிடம் வேலை செய்கிற பெண்களை நாசம் செய்திருப்பான், ஊரே அவனைக் கும்பிடும், பேப்பர்காரர்கள் துருவித் துருவி வெளியே கொண்டுவருவார்கள். எந்தெந்த நாட்டுப் படமோ, கோட்டு போட்டுக்கொண்டு தமிழ் பேசுவார்கள். ஒன்றில் எந்நேரமும் இருமிக்கொண்டே இருக்கும் ஒரு கிழவன் நிருபர். ஓட்டல் முதலாளி ஒருவனைப் பற்றி விசாரிக்க வீடு வீடாக ஏறி இறங்குவான். எல்லாக் கதவும் அவன் முகத்தில் மூடும்.

“எப்ப அந்த ஓட்டல்காரன அடிப்பாங்க?” என்று கேட்டேன்.

“அடிக்கமாட்டாங்கடி.”

“அப்பறம் இன்னாத்துக்கு ரெண்டு மணி நேரம்?”

“கம்முனு பாரு. கெய்வன் இன்னா கேக்குறான்னு கேளு.”

படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். ஒரு கதவு திறந்தது. உள்ளே இருந்த பெண்ணிடம் கிழவன் கேட்டான், எந்த நாள், எந்த ரூம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று.

“பாத்தியா? கத்துனியா, அழுதியா, ஏன் போனன்னு ஒண்ணும் கேக்கல. நாளு, ரூமு, பக்கத்துல யாரு. இவ்ளோதான் வேணுமாம்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “பக்கத்துல யாருன்னு கேப்பாங்க சுகுணா.”

கொடியில் துணி நனைகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். கொடியில் துணியே இல்லை.

அந்தக் கதவைத் திறந்த பெண்ணை அவள் எப்படிப் பார்த்தாள் என்று எனக்கு நினைவிருக்கிறது. என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை. போனுக்குள் இருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மேல் எனக்குப் பொறாமை வந்தது அன்றைக்குத்தான். “இந்தப் படத்துல எல்லாம் கதவு தொறக்குறவதாண்டி ஹீரோயினு. பேப்பர்காரன் செருப்பு தேய நடக்குறவன்” என்பாள் தமயந்தி.

ஷர்மிளாவின் நம்பரை ஒரு பேப்பரிலிருந்து ரேவதியை விட்டு எடுக்கச் சொன்னது தமயந்திதான். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊருக்கு யாரும் தேடி வந்து கதவைத் தட்டவில்லை. இவள்தான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

ஷர்மிளா பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினாள். ரேவதியைவிட நாலைந்து வயசுதான் அதிகம் இருக்கும். மூன்று நாள் தமயந்தியும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பதினோரு வருஷம் எதிரே இருந்த எனக்குச் சொல்லாததை அவள் அந்தப் பெண்ணுக்கு மூன்று நாளில் சொன்னாள். நான் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தாங்கவில்லை. மூன்றாம் நாள் நண்டுக் குழம்பு வாசனை என் சந்துவரை வந்தது. போய் எட்டிப்பார்த்தேன். தமயந்தி நண்டுக் காலை உடைத்து, சதையை எடுத்து, அந்தப் பெண்ணின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் குழாயடியில் பிடித்துக்கொண்டேன்.

“இன்னாடி, பட்டணத்துப் பொண்ணுக்கு ஊட்டி வுடுற?”

“அதுக்கு நண்டு துன்னத் தெரிலடி. ஓட்டோட கடிக்குது.”

“எனக்குங்கூடத் தெரில. ஊட்டு.”

“வா, ஊட்டறேன். வந்து உக்காந்து பேசு மொதல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஷர்மிளா என்னிடமும் வந்தாள். வேலை என்று உட்கார்ந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலமே தமயந்தி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“உனக்கு நடந்தத சொல்லச் சொல்லல. அது உன் இஷ்டம். என் எடம் காலியா இருந்துச்சி, ரெண்டு பேரு வேலையும் நீதான் செஞ்சன்னு மட்டும் சொல்லு. போதும்.”

“உன் மேடத்தையே சொல்லச் சொல்லு.”

“அது அங்க உக்காந்துக்கினு இல்லியே.”

“இப்ப உக்காந்துக்கினுதான கீது. நண்டு துன்னுக்கினு.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு “சரி” என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் சாகும்வரை அவள் என்னிடம் அதைக் கேட்கவில்லை. எதிரே இருந்தவள் நான் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. ஷர்மிளா கேட்டதற்கு, “ஜோடிய தெனம் மாத்துவாங்க” என்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். ஷெட்டில் இருந்த உங்களில் சிலருக்கு உண்மை தெரியும். நீங்களும் சொல்லவில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆமாம், எனக்கும் நடந்தது. இரண்டு தடவை. அந்த இரண்டு தடவையும் நான் திரும்பி வந்தபோது என் ஓட்டை அவள் உரித்துவைத்திருந்தாள். அதற்குமேல் உள்ளதை இங்கே எழுதப்போவதில்லை.

பேப்பரில் வந்தது. இவளோடு கூட அனுப்பம்பட்டுக் கலாவும் பேசியிருந்தாள். கலா எங்கள் ஷெட்டில் மூன்று மாசம் இருந்தவள், கடைசி வரிசைத் தொட்டி. முதலாளியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஜாமீனில் வந்துவிட்டார். ஷெட்டை மூடினார்கள். வேலை போனதும் நாம் எல்லோரும் அவளைத்தான் வைதோம். வைதார்கள் என்று எழுத மாட்டேன், நானும் வைதேன். ஊர்க்கூட்டத்தில் பொம்பளை போய் உட்கார முடியாது, அவளுக்காக ஓர் ஆம்பளை எழுந்து பேச வேண்டும். புருஷன் இல்லாத அவளுக்காக ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஊருக்குள் யாரும் அவளோடு பேசக் கூடாது, மீன் கொடுக்கக் கூடாது என்று முடிவானது.

அவள் பழவேற்காட்டில் மீன் எடுத்துப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்கப் போனாள். நான் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்கப் போனேன். காலையில் இருவருக்கும் ஒரே நேரம்தான். குப்பத்திலிருந்து பத்தடி முன்னும் பின்னுமாக, யாரோ எவரோ மாதிரி நடப்போம். ஏரிப் பாலத்தைத் தாண்டினால் ஊர்க் கட்டுப்பாடு செல்லாது என்று அவளாக ஒரு சட்டம் வைத்திருந்தாள். பாலத்தின் அந்தக் கடைசியில் எனக்காக நின்று, “எல்லை தாண்டியாச்சி. இப்ப திட்டு” என்பாள். நானும் பஸ் ஸ்டாண்டு வரை திட்டுவேன். ஊரே ஒதுக்கிய பெண் இப்படிச் சிரிக்கிறாளே என்று அதற்கும் எரியும். நான் வேலைக்குப் போகிறேன், என்னோடு எல்லோரும் பேசுகிறார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது.

“ஷர்மி நேத்து போன் பண்ணுச்சி” என்பாள். ஷர்மியாம். என்னை அவள் ஒரு நாளும் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை.

பிறகு சினிமாவே வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொண்டு, நம் சங்கத்து வேனில் பொன்னேரித் தியேட்டருக்குப் போனோம். படம் ஷர்மிளாவைப் பற்றியது. அதில் அவள் காரில் வருகிறாள், தானாகவே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறாள். தமயந்தியாக நடித்த பெண் மொத்தம் கால் மணி நேரம் வருகிறாள். இறாலை ஏதோ பூக் கட்டுகிற மாதிரி எடுத்தாள். தமயந்தி என் காதில், “அய்ய, வாலப் புடிச்சி இழுக்குறா பாரு. இவள நம்ம சூப்பர்வைசர்கிட்ட வுட்டா ஒரு நாள் தாங்குவாளா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் காமிரா தொட்டிக்கு அந்தப் பக்கம் போனது. எதிரே கலா உட்கார்ந்திருந்தாள். கலாவாக நடித்த பெண். தமயந்தி டீயோடு எழுந்து போகிறாள், இவள் நிமிர்ந்து பார்க்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது, கையிலிருந்த இறாலைக் கீழே போட்டுவிடுகிறாள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். தமயந்தியும் பின்னாலேயே வந்தாள்.

“இன்னாடி ஆச்சு? ஒடம்பு செரியில்லியா?”

“அங்க எதிர்ல உக்காந்துக்கினு கீறாளே, யாரு அவ?”

“கலாடி. பேரு மாத்தி வெச்சிக்கீறாங்க.”

“கலா கடைசித் தொட்டி. அது யார் எடம்?”

“உன் எடம்தான்.” முகத்தில் கோபமே இல்லை. “நீ காலி பண்ணிட்ட. சினிமாக்காரங்க யாரையோ உக்கார வெச்சிக்கினாங்க. எடம் சும்மா இருக்குமா?”

“நான் ஒரு எறாலக்கூட கீழ போட்டதில்ல.”

“தெரியும்டி” என்றாள். “எனக்குத் தெரியாதா அது?”

உள்ளே கைதட்டல் கேட்டது. அந்த நிருபர் பெண் முதலாளியை அறைந்திருப்பாள் போலிருக்கிறது. “போச்சு. அடிக்கமாட்டாங்கன்னு நான் உன்கிட்ட சொன்னது பொய்யாயிடுச்சி” என்று சொல்லி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அந்த இறாலைக் கீழே போடாததுதான் வினையாகப் போனது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ஷெட் நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் பெயர் இருக்காது, தொட்டி நம்பரும் தட்டும்தான் இருக்கும். ரூமுக்குப் போனதாகத் தமயந்தி சொன்ன நாட்களில் எங்கள் தொட்டியில் ஒரு தட்டுகூடக் குறையவில்லை. எழுந்து போயிருந்தால் தட்டு எப்படி நிறைந்தது என்று கேட்டாராம். எதிரே இருந்தவள் செய்தாள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். யார் அவள் என்று கேட்டதற்கு, ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறாள்.

மறுநாள் பாலம் தாண்டியதும் இதை எனக்குச் சொன்னாள். “நீ செம வேகமா உரிச்சிக்கீறடி. ஒரே ஒரு தட்டு, ஒண்ணே ஒண்ணு கொறஞ்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.” குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள். “உன்ன மாதிரி ஜோடி எவளுக்கும் கெடைக்கமாட்டா.” அன்று ரயிலில் மீஞ்சூர் வந்ததுகூடத் தெரியாமல் நந்தியம்பாக்கம் வரை போய்விட்டேன். நாங்கள் ஒருத்திக்கொருத்தி பாசமென்று செய்ததெல்லாம் அந்த ஆளுக்குச் சாட்சியாகப் போய் நின்றிருக்கிறது.

அப்போதாவது நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் ஷர்மிளாதான் கூட்டிப்போவாள், அவளுக்குத்தான் பேர் வரும் என்று நினைத்தேன். பயமும் இருந்தது. ஆனால் பயம் தமயந்திக்கும் இருந்தது. முதல் நாள் கோர்ட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். பயந்துகொண்டே அவள் பேசிவிட்டாள். பொறாமைப்பட்டவளால்தான் பேச முடியவில்லை.

அவள் வயிற்றில் கட்டி என்று சென்னையில் சேர்த்தார்கள். நான் மடவை மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்து நாற்காலியில் ஷர்மிளா. அவள் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தாள், நான் நின்றுகொண்டே இருந்தேன். இருமுகிற கிழவன் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டாள் தமயந்தி. மூன்று பேரும் ஷர்மிளாவின் போனில் பார்த்தோம். பாதியில் சொன்னாள், “படம் முடிஞ்சதும் பேப்பர்காரன் அடுத்த ஊருக்குப் போய்டுவான். தொறந்தவ அதே வூட்லதான் இருக்கணும். அத எந்தப் படத்துலயும் காட்டல.” ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அடுத்த நிமிஷம் தமயந்தி அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். கோபம் திரும்ப வந்துவிட்டது.

தமயந்தி உயிரோடு இருக்கும்போதே கலா கோர்ட்டில் தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டு நெருக்கடி அவளுக்கு. இப்போது தமயந்தியும் இல்லை. இனி வழக்கில் மிச்சம் இருப்பது தமயந்தி சொன்னதைப் பொய்யாக்கும் அந்த ஷெட் நோட்டுதான் என்று நம் தரப்பு வக்கீலம்மா சொன்னதை, காரியத்துக்கு வந்திருந்தபோது ஷர்மிளா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் பழவேற்காட்டுக்குப் போக எழுந்தாள்.

“எதிர்ல உக்காந்துக்கினு இருந்தது நான்தான்” என்றேன்.

அப்படியே நின்றுவிட்டாள். “ஏன்க்கா? அவங்க உயிரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாமேக்கா. ஏன்?”

“உன்னாலதான்.”

“நான் என்னக்கா பண்ணேன்?”

“நண்டு துன்ன.”

முழித்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “அக்கா, எனக்கு நண்டு சாப்பிட்டா ஒத்துக்காது. அவங்க வெச்சாங்கன்னு சாப்பிட்டேன். மூணு நாள் உடம்பெல்லாம் தடிப்பு” என்றாள். அன்று முதல் முறையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து தமயந்திக்காக அழுதோம். யார் அதிகம் அழுவது என்பதிலும் எனக்குப் போட்டி இருந்தது. பொய் சொல்லவில்லை.

போன வாரம் பொன்னேரிக் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா முன்னால் என் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார்கள், பயம் என்று மட்டும் சொல்லுங்கள், பொறாமை என்று வாய் தவறிச் சொன்னால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாள் சொன்னேன், ரூம் சொன்னேன், எதிர் இடம் எத்தனை நேரம் காலியாக இருந்தது, நான் எத்தனை தட்டு போட்டேன் என்று சொன்னேன். எனக்கு நடந்ததையும் சொன்னேன். கடைசியில் அந்த அம்மா கேட்டார்.

“இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?”

“பயமா இருந்துச்சிங்க. அதவிட ஜாஸ்தி பொறாமைங்க.”

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.

“யார் மேல?”

“செத்துப்போனவ மேலதாங்க. அவளால முடிஞ்சிச்சே, என்னால முடியலியேன்னு.”

“இப்பவுமா?”

“இப்பவுந்தாங்க.”

மாஜிஸ்திரேட் அம்மா திரும்பி, “சொன்னத அப்படியே போடும்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ரேவதி தமயந்தியின் புடவை ஒன்றைக் கொடுத்தாள், வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஷர்மிளாவிடம் அவள் குரல் இருக்கிறது. சினிமாக்காரர்களிடம் அவள் கதை இருக்கிறது. என்னிடம் அவளுடையது என்று இருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான், இதை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. இதுதான் என்னைக் கோர்ட்டுப் படி ஏற விடாமல் தடுத்தது. கடைசியில் ஏற வைத்ததும் இதுதான். வழக்குக்கு மறுபடி கூப்பிடுவார்கள். அந்த வக்கீல் என் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துப் பொறாமைப்பட அப்படி என்னம்மா இருந்தது அவளிடம் என்று கேட்பார். கேட்கட்டும். நாள் முழுக்கச் சொல்வேன்.